திறந்திருந்தால் திறந்தபடி

எல்தம், தாரனாகி, நியூசிலாந்து
ஞாயிறு, காலைக் கறவை முடிந்து

அன்பு மகள் லியனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உடம்புக்கு நலம்தான். மீதியைக் கீழே படித்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரல் கேட்டதும் அப்பா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். மின்னஞ்சலும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவரைப் பற்றி அவர் இல்லாமல் பேச எனக்கு இந்தக் காகிதத்தை விட்டால் வேறு இடமில்லை. பதில் எழுதினால் பார்த்து எழுது. தபால் பெட்டியைத் திறக்க முதலில் போகிறவர் அவர்தான்.

வருகிற வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கன்று பார்க்க வருகிறார்கள். ஆறு, ஏழு வயசுக் கூட்டம். இந்த வயசில் எதற்கு, பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று போன தடவை போனில் சொன்னாய் நீ. பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். உன் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸைவிட அந்த நாள்தான் பெரிது என்று உனக்குத் தெரியாதா? இப்போதே நல்ல சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவைத்திருக்கிறார்.

எனக்குப் பயமே அவரை நினைத்துத்தான். போன வாரம் கன்றுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து டீ குடித்தார். குடித்து முடித்ததும் போய் இன்னொரு தடவை ஊற்றினார். பாதிக் கன்றுகளுக்குக் கழிச்சல். அதற்கு முன்னால் ஒரு நாள் டிராக்டரை ஓடவிட்டு, பின்பக்கம் இயந்திரம் மாட்டுகிற தண்டு சுழன்றுகொண்டே இருக்க, சாப்பிட வந்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். கேட்டால், நீ ஓட்டிவிட்டு மறந்திருப்பாய் என்று என்னையே சொல்கிறார். நான் என்றைக்கு அந்த டிராக்டரை ஓட்டியிருக்கிறேன்? டாக்டரிடம் போகலாம் என்றேன். "அந்தப் பையனுக்கு ஒரு கன்னுக்குட்டி இழுத்துப் போடத் தெரியுமா? அவன் என்னத்தைப் பாக்கப்போறான்" என்று கிளம்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் மெரியானா முன்கூட்டியே இடத்தைப் பார்க்க வந்தார். ஒன்றையும் விடமாட்டார், கெட்டிக்காரர். கை கழுவ வெந்நீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கன்றுகளை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா, எல்லாம் கேட்டார். காளையைக் கடைசி நிலத்துக்கு ஓட்டிவிடுவேன், நாலு சக்கர பைக்கின் சாவி என் பையில் இருக்கும், அன்றைக்கு மின்வேலியை அணைத்துவைப்பேன் என்றேன். சாணிக் குட்டையைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். கறவைக் கொட்டகை கழுவுகிற தண்ணீரெல்லாம் வந்து சேர்ந்து, மேலே பாலாடை மாதிரி காய்ந்து கிடக்கிறது. அதன்மேல் புல் வேறு பச்சைப்பசேல் என்று முளைத்திருக்கிறது. தெரியாதவர்கள் தரை என்றுதான் நினைப்பார்கள். நடுவில் இரண்டு ஆள் ஆழம். கேட்டுக்குச் சங்கிலி போடுவதையும் காட்டினேன்.

எல்லாம் பார்த்துவிட்டுக் காரில் ஏறும் முன் ஒன்று கேட்டார். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் இங்க ஏதாவது மாறியிருக்கா, நோலீன்?"

அப்பா கொட்டகை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல, எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு என்னதான் சொல்வது? காளையைத் தள்ளிக் கட்டலாம், சாவியைப் பையில் போடலாம். உன் அப்பாவை எங்கே வைத்துப் பூட்டுவது? வியாழக்கிழமை விடிந்ததும் ஒவ்வொரு கேட்டாக நானே போய்ப் பார்த்துவிடுவேன். அன்றைக்குப் பொழுது நல்லபடியாகப் போகவேண்டும் என்று நீயும் நினைத்துக்கொள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

பிரியமுள்ள
அம்மா


எல்தம்
சனிக்கிழமை

அன்பு லியன்,

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் கடைசிவரை பதறிக்கொண்டே படிப்பாய். முந்தின கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

வியாழக்கிழமை கறவை முடிந்ததும் சொன்னபடி எல்லா கேட்டையும் சுற்றி வந்தேன். சாணிக் குட்டை கேட்டுக்கு என் கையாலேயே சங்கிலி போட்டு மாட்டினேன். அதன் பிறகு அப்பா குட்டைப் பக்கம் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் அப்போது சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டுக்கே போய்விட்டார். அவர் பின்னால் போய் மறுபடி ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, உன் அப்பா அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தார். இவரையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு வாண்டு, மாடு டாய்லெட் போனால் கை கழுவுமா என்று கேட்டது. "எங்க நோலீன் பாட்டிகிட்ட மாட்டுனா கழுவித்தான் ஆகணும்" என்றார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். உனக்கு எடுத்த அதே கேட் பாடத்தை அவர்களுக்கும் எடுத்தார். வேலியோரம் வரிசையாக நிற்கவைத்து, கேட் திறந்திருந்தா என்று இவர் கத்த, திறந்தபடி என்று அவர்கள் கத்த, மூடியிருந்தா என்று இவர் கேட்க, மூடினபடி என்று அவர்கள் சொல்ல, அடுத்த பண்ணை நாய்கூடக் குரைத்தது. எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும், மாட்டுக்காரனுக்குத்தான் தெரியும் எந்த கேட் எதற்கு என்று. பிறகு ஒருத்தியைக் கேட் அதிகாரி ஆக்கினார். மெலே என்று ஒரு பெண், இரட்டைப் பின்னல். சிரிக்காமல் கொள்ளாமல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டாள்.

கன்றுகளைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கை கழுவ வரிசை நின்றது. நான் சோப்பை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினேன். இரண்டு குறைந்தது. திரும்பிப் பார்த்தால் குட்டை கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது, சங்கிலி தொங்குகிறது. பக்கத்தில் மெலே விறைப்பாக நிற்கிறாள். உள்ளே, அந்தப் பச்சைப் புல்லின்மேல், காஹு என்ற பையன் காற்றில் பறந்த தன் தொப்பியை எடுக்க நடந்துகொண்டிருக்கிறான்.

நான் நின்றது நின்றபடி நிற்க, என்னைத் தாண்டி ஒருவர் ஓடுவது தெரிந்தது. உன் அப்பா. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாரோ. இவர் கரைக்குப் போய்ச் சேரவும் சாணி ஆடை உடைந்து பையன் இடுப்புவரை இறங்கவும் சரியாக இருந்தது. இவர் குப்புற விழுந்து படுத்தார். கால் இரண்டையும் கரையில் ஊன்றிக்கொண்டு கையை நீட்டினார்.

"அசையாதடா கண்ணு. கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாரு, என் கையப் புடி." முரட்டுக் கன்றிடம் பேசுவாரே, அந்தக் குரல். சட்டைக் காலரையும் கையையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. பையன் வந்துவிட்டான். ஒரு கால் ரப்பர் பூட்ஸ் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. நம் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய பூட்ஸைத்தான் போடக் கொடுத்திருந்தோம், அவனுக்குப் பெரிசு. அது காலோடு சரியாகப் பொருந்தியிருந்தால் பையனும் அதோடு உள்ளேயே நின்றிருப்பான்.

அப்புறம்தான் அப்பா எழுந்து, சட்டையெல்லாம் சாணியோடு, கத்தினார். "இந்தக் கேட்டத் தொறந்து போட்டது யாரு?"

மெலே அழுதுவிட்டாள். "அது தொறந்துதான் இருந்துச்சு, தாத்தா. தொறந்திருந்தா தொறந்தபடின்னு நீங்கதான சொன்னீங்க."

"நீ சரியாத்தாம்மா செஞ்சிருக்க. தொறந்தது எந்த முட்டாள்னு கேக்குறேன்" என்று கூட வந்திருந்த பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பக்கத்தில் மெரியானா நிற்கிறார், அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் இவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நான்தான், டெஸ்" என்று அப்பாவிடம் சொன்னேன்.

எத்தனை வருஷம் பண்ணையில் இருந்து என்ன பிரயோசனம் என்று எல்லார் முன்னாலும் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். மெரியானா பையனை வெந்நீரில் கழுவி, அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றினார். வீட்டுக்குள் வந்தும் அப்பாவின் கோபம் தீரவில்லை. என் சமையலையும் சேர்த்துத் திட்டிவிட்டு, நீளக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பூட்ஸைக் குட்டையிலிருந்து இழுத்து, கழுவி, வேலிக்கம்பத்தில் கவிழ்த்துவைத்துவிட்டு வந்தார். போகட்டும், இனி இவருக்கு இந்த நாள் மறக்காது, இனிமேல் ஜாக்கிரதையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள் நான்.

நேற்றுக் காலை கறவை முடிந்து உள்ளே வந்தவர் கையில் அந்த ஒற்றைப் பூட்ஸ் இருந்தது. "நோலீன், இது யாரோடது? போன வருஷம் வந்த பிள்ளைங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க போல. வியாழக்கிழமை வருவாங்கல்ல, குடுத்துடலாம்" என்று கதவோரம் பத்திரமாக வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவர் மாடுகளை ஓட்டிப் போனதும் மெரியானாவுக்குப் போன் செய்தேன். கேட்டைத் திறந்தது நான் இல்லை என்று ஆரம்பித்து, டிராக்டர், கன்றுக் கழிச்சல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது உன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் மெரியானா பேசினார்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, நோலீன். அவர வேணாம்னு சொல்லியிருக்கவே மாட்டேன். அவர் கூடவே நடக்க ஒரு ஆளக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை பார். பூட்டுவதா விடுவதா என்றே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை பெரிய வகுப்பு வருவதாக இருந்தது. அதை இப்போதைக்கு நிறுத்தியாயிற்று. குட்டையைச் சுற்றிப் பிள்ளைகள் ஏறமுடியாத வேலி வேண்டும், பண்ணையில் எங்கள் இருவரைத் தவிர இன்னொரு ஆள் இருக்கவேண்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்றார் மெரியானா. நியாயம்தான். அந்தப் பையன் என் பையனாக இருந்தால் நான் இதைவிடக் கடுமையாகப் பேசியிருப்பேன். வேலிக்கு ஆள் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்? இவர் பின்னால் போனால் அடுப்பு எரிகிறது, அடுப்பைப் பார்த்தால் இவர் எங்கே என்று தெரியவில்லை. என்னால் ஒரு கேட்டில்தான் நிற்கமுடியும், லியன்.

வகுப்பு வராது என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் முகம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு, பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல கன்றாகப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். சட்டையைத் துவைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். அந்த வியாழக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்பார். நான் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார்.

வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை. உனக்கு அங்கே ஆயிரம் இருக்கும். அன்றைக்கு ஒரு நாள், நம் வாசலில் யாராவது ஒருவர் வந்து இறங்கவேண்டும். அவ்வளவுதான்.

நன்றாக இரு, கண்ணு. வரும் வழியில் நம் கேட் எது திறந்திருந்தாலும் மூடிவிட்டு வா. அப்பா சத்தம் போட்டால் அம்மாதான் சொன்னாள் என்று சொல்.

உன்
அம்மா