டைல்ஸ் இடுக்கில் போட்ட திருகு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், அந்த மட்டில் நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இருமல் நின்றதா? ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே என்றால் கேட்கிற ஜென்மமா நீ. தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுது மழுப்பிவிடுவேன், மூன்று தடவை அப்படித்தான் ஆயிற்று. இங்கே தண்ணீர் மோட்டார் மறுபடி தகராறு. அதைப் பார்க்க வந்த பிளம்பரை விட்டு, அப்பா விழுந்தபோது சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததே, குளியலறைக் கைப்பிடிக் கம்பி, அதையும் நேற்று மாட்டச் சொன்னேன். எனக்கும் முழங்கால் வலி, தனியாக வேறு இருக்கிறேன்.

அவர் டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, அதில் புள்ளி வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மெதுவாகத் துளைத்தார். டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லைச் சுழல மட்டும் விட்டார், இடிக்க விடவில்லை. செங்கல்தூள் சிவப்பாக வந்த பிறகுதான் இடிக்கிற விசையைப் போட்டார். திருகைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் பிளக்கைச் செங்கலுக்குள் தட்டி இறக்கி, பக்கத்துக்கு மூன்று திருகு முடுக்கி, அந்தப் பெரிய உடம்போடு கம்பியைப் பிடித்துத் தொங்கியும் காட்டினார். எல்லாம் அரை மணி நேரம். டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவம், அந்த மனிதர் கம்பி கோணலாகிவிட்டதோ என்று ரசமட்டத்தை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

சிட்டு, உன் அப்பாவும் இப்படித்தான் மாட்ட இருந்தார். நீ அனுப்பிய கம்பி வந்த அன்றே பென்சிலால் குறித்துவிட்டு டிரில்லை எடுத்தார். நான்தான் குறுக்கே நின்றேன். ஏழு கடை ஏறி இறங்கி, என்னோடு சண்டை போட்டு நீ பொறுக்கிய நீல டைல்ஸ் அது. நீ போன பிறகு இந்த வீட்டில் உன் விருப்பத்துக்கு என்று இருப்பது அது ஒன்றுதான். தினம் துணி போட்டுத் துடைக்கிறேன், அதில் ஓட்டை போட மனசு வரவில்லை. டைல்ஸுக்கு நடுவில் இடுக்கு இருக்கிறதே, அதில் போடுங்கள் என்றேன். "இடுக்குல போட்டா மூணு திருகுக்கு ஒண்ணுதான் விழும். அதுவும் இடுக்கு அகலத்துக்குச் சின்னத் திருகு, பூச்சோட நின்னுரும், செங்கலைப் பிடிக்காது. ஆள் பாரம் தாங்காது" என்றார். முப்பது வருஷம் பிட்டராக இருந்தவருக்குத் தெரியாதா? நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இடுக்கிலேயே பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, துண்டு காயப்போட மட்டும் வைத்துக்கொள், சாயாதே என்று எனக்குச் சொன்னார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று கேலியும் செய்தார். ஆனால் கால் வழுக்கும்போது கைக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?

ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது நீ போனில் திட்டினாய். பிளம்பரைக் கூப்பிடாமல் நானே செய்கிறேன் என்கிற பிடிவாதம், பிட்டர் என்று பெயர்தான், ஒரு கம்பி மாட்டத் தெரியவில்லை என்றாய். உனக்கு நடந்தது தெரியாது, பதறிப்போய்ப் பேசினாய். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஆமாம்மா, தப்புதான் என்று உன்னிடம் சொன்னார். போனை வைத்த பிறகு என்னிடம், "விடு. எம்மேல கோவம்னா நாலு நாள்ல மறந்துருவா. உம்மேலன்னா மறக்க மாட்டா" என்றார். மூன்றாம் நாளே மூச்சுத் திணறல் வந்து போய்விட்டார். மறக்க உனக்கு நாள் கிடைக்கவில்லை.

நீ வந்து பத்து நாள் இருந்தாய், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கிளம்புகிற அன்று குளியலறை வாசலில் நின்று, "கடைசிவரைக்கும் யார் பேச்சையும் கேக்கல" என்றாய். என் பேச்சைக் கேட்டதால்தான் அவர் போனார், சிட்டு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் போய் நீயும் என்னை வெறுத்தால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்தேன். இப்போதும் பயம்தான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனதை மற்றவர் நோகடிக்காமல் நூறு வயது இருக்க வேண்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. கோபம் தீராவிட்டால் என்னோடு பேசாமல் இரு, எத்தனை நாளானாலும் பொறுத்துக்கொள்கிறேன். அப்பாவை நீ மன்னிக்க வேண்டாம், மன்னிக்கும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருக்காக ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிடு, அது போதும்.

உன் அம்மா