மாமா ரத்தம் கொடுத்தார்

நெய்வேலி, 21-வது வட்டம்
12.8.2016

அன்புள்ள அம்மாவுக்கு,

கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. மாமா வீட்டில் நான் நலம். இந்த முறை மருந்து ஏற்றிய பிறகு கஞ்சியாவது வயிற்றில் தங்குகிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரக் காரணமான மரபணுப் பிழை கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், அவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன்.

"சினைப்பையே இல்லாத எனக்கு எதுக்கு கண்ணு டெஸ்ட்டு?" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. "நம்ம பொண்ணு அபிக்கு நிச்சயம் பண்ற நேரத்துல இதெல்லாம் வெளிய தெரியணுமா?" என்றார்.

ஆனாலும் நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். "மைன்ஸ்ல நிலக்கரி போற பெல்ட் கிழிஞ்சா உங்க கேங் ஒட்டுறீங்கல்ல மாமா? உடம்புலயும் டி.என்.ஏ. அறுந்துகிட்டேதான் இருக்கும். ஒட்டுற மரபணுவே பழுதானா, அறுந்ததெல்லாம் சேர்ந்து புற்றுநோயாகலாம். அந்தப் பழுது அப்பாகிட்டருந்தும் பொண்ணுக்கு வரும்."

மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "அப்போ அபிக்கு நான் குடுத்திருப்பேனா?"

"உங்களுக்கே இல்லாமலும் இருக்கலாம், மாமா."

நேற்று ஷிப்ட் முடிந்ததும் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டார். முடிவு தெரியும்வரை நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அபி அக்கா என்னோடு பேசுவதில்லை. சரியாகிவிடும்.

எனக்குப் பதினெட்டு முடிந்த பிறகுதான் பரிசோதிப்பார்களாம். அதை இப்போது நீங்கள் நினைக்க வேண்டாம்.

அப்பா வந்தால் உங்கள் மரச்சீப்பைக் கொடுத்தனுப்புங்கள். என் சீப்பு உடைந்துவிட்டது. உங்களுக்கு முடி வளர்ந்ததும் திருப்பித் தந்துவிடுவேன்.

பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கோகிலவாணி