பேசாமல் பார்த்த காடு

ஆக்னகெல்,
மார்ச் 4

பொது மேய்ச்சல் நிலத்தின் ஏழாவது பங்காளி, உயர்திரு ஹெக்டர் மெக்கின்னன் அவர்களுக்கு,

மேய்ச்சல் குழுவின் எழுத்தர் ரோனா பெருத்த மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சுகம். நீங்கள் சுகம்தான் என்பது கடற்கழியின் இந்தக் கரையிலிருந்தே தெரிகிறது. விடிந்ததும் உங்கள் புகைபோக்கி புகைகிறது. கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஆடுகளைத் திட்டும் சத்தம் தண்ணீரைத் தாண்டி வருகிறது. என்னைத் தவிர மற்ற ஜீவராசிகளோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதில் சந்தோஷம்.

அக்டோபர் கூட்டத்திலிருந்து என்னிடம் நீங்கள் பேசுவதில்லை. அதனால்தான் தபால். இந்த உறைக்கு ஸ்டாம்பு வாங்கும்போது தபால்கார ஜெசி பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, ரெண்டு மைலுக்கு ஸ்டாம்பா? நடந்து போய்க் குடுத்தா கால் தேஞ்சுடுமா?"

"அந்த மனுஷன் என்னை வைக்கோலைப் பாக்குற மாதிரி பாக்குறான் ஜெசி."

"வைக்கோலையாவது அவன் ஆசையாப் பாப்பானே!"

இதற்குள் இது ஊரெல்லாம் போயிருக்கும்.

விஷயம் பழையதுதான். சின்னக் காட்டைச் சுற்றி வேலி. பன்னிரண்டு வருஷம் ஆடும் மானும் உள்ளே வாய் வைக்காமல் இருந்தால் மரக்கன்றுகள் தலைதூக்கும். என்னையும் சேர்த்து ஆறு பங்காளிகள் கையெழுத்துப் போட்டாயிற்று. எதற்குமே சம்மதிக்காத டூகல் கிழவர்கூடப் போட்டுவிட்டார், வேலி அடிக்கப்போவது அவருடைய மருமகன் என்பதால். ஏழாவது ஆள் மறுத்தால் வேலி இல்லை. வன அலுவலகம் தருகிற உதவிப் பணம் மே மாதக் கடைசியோடு கைநழுவிப் போகும்.

அந்தக் காட்டு மரங்கள் எல்லாம் நம்மைப் போலத்தான்: நடுவயது தாண்டிவிட்டது, முட்டியில் வலி, வாரிசு கிடையாது. நாம் போனால் போகட்டும். காடாவது பிழைக்கட்டுமே. ஏன் மாட்டேன் என்கிறீர்கள் என்ற காரணத்தையாவது சொல்லுங்கள்.

கையிருப்பு மரியாதை இத்துடன் தீர்ந்துபோன,
ரோனா மெக்ஃபீ

*

மேல்வீடு,
மார்ச் 9

ரோனாவுக்கு,

உயர்திரு, நீங்கள் எல்லாம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என் மத்தியான ரொட்டியைத் திருடித் தின்றவள் நீ.

காரணம் கேட்டாய். இந்த ஊரில் ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் வைப்பதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட ஆளின் வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுச் சொல்வதுதான் முறை. மற்ற ஐந்து வீட்டுக்கும் போனாய். என் வீட்டுக்கு வரவில்லை. என் மேய்ச்சலைப் பற்றிய விஷயத்தை நான் எல்லாரோடும் சேர்ந்து கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அதோடு, ஆடுகளுக்கு அந்தக் காடு வேண்டும்.

கையெழுத்து இல்லை. இங்கே மழை.

ஹெக்டர்

*

ஆக்னகெல்,
மார்ச் 13

அன்புள்ள ஹெக்டர்,

ரொட்டியைத் திருடவில்லை. உன் அம்மா சுட்ட ரொட்டியிலிருந்து உன் பற்களைக் காப்பாற்றினேன். நாற்பத்தைந்து வருஷம் கழித்தாவது நன்றி சொல்லப் பழகு.

வீட்டுக்கு வராததற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்த வாரம் கார் டயர் பஞ்சர். டயர் சரியானபோது கோழிக்கு உடம்பு சரியில்லை. கோழி தேறியபோது எனக்குச் சளி. சரி, விடு. இந்தப் பேச்சு வேண்டாம்.

ஆடுகளுக்குக் காடு எதற்கு? மலை முழுக்கப் புல் கிடக்கிறது. உன் ஆடுகள் ஊருக்குள்ளேயே வாட்டசாட்டமாக இருப்பவை; குழுப் புகைப்படத்தில் நம் எல்லாரையும்விட அவைதான் லட்சணமாக விழுந்திருக்கின்றன.

ஒன்று செய். என்னோடு ஒருமுறை காட்டுக்குள் வா. சும்மா பார்த்துவிட்டு வருவோம். அதற்குப் பிறகும் மாட்டேன் என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இஞ்சி கேக் கொண்டுவருகிறேன்.

நம்பிக்கையோடு,
ரோனா

*

மேல்வீடு,
மார்ச் 18

ரோனாவுக்கு,

பிறந்ததிலிருந்து அந்தக் காட்டைப் பார்க்கிறேன். இருந்தாலும் வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை, ஓடைப் பாலம்.

ஒரு நிபந்தனை. பாலத்தைத் தாண்டி உள்ளே போய், திரும்பப் பாலத்துக்கு வரும் வரை நீ பேசக் கூடாது. ஒரு சொல் வந்தாலும் நான் திரும்பிவிடுவேன்.

கேக் வேண்டாம்.

ஹெக்டர்

*

ஆக்னகெல்,
மார்ச் 27

அன்புள்ள ஹெக்டர்,

நீயும்தான் கூட வந்தாய். ஆனால் நீ பார்த்தது என் முகத்தை மட்டும். எனக்குள் நடந்ததை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். ஓக் மரத்தின் வயசு, மரப்பாசியின் பெருமை, நம் காற்று எவ்வளவு சுத்தம், எல்லாம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது எனக்கே கண்ணீர் வந்தது. அத்தனையும் வீண். பாலம் தாண்டியதும் வாயை இறுக்கிக்கொண்டு உன் முதுகைப் பார்த்தபடி வந்தேன்.

ஓடைக் கரைச் சேற்றில் என் இடது பூட்ஸ் மாட்டிக்கொண்டது. கால் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் பிர்ச் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்ஸை இழுத்துக்கொண்டு, வாயில் கம்பளிக் கையுறையைக் கவ்விக்கொண்டு நின்றேன். கையுறை இல்லாமல் இருந்திருந்தால் அப்போது வெளியே வந்திருக்கக்கூடிய வார்த்தைகளுக்கு நம் பாதிரியார் என்னை ஊரைவிட்டே அனுப்பியிருப்பார்.

பிறகு பனியும் மழையும் கலந்து அடித்தது. கீழ் ஓரத்து ஹேசல் மரங்களுக்கு அடியில் உன் ஆடுகள் படுத்திருந்தன. சுற்றிலும் சாட்டையடி மாதிரிக் காற்று. அவற்றின் முதுகில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நீ போய்க் குந்திக்கொண்டு பேச ஆரம்பித்தாய்.

"என்னடி கிழவி, இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோ. வடக்குக் காத்து முடியலை. அதுக்குள்ள குட்டியை இறக்கிப்புடாதே."

இன்னொன்று என்னையே முறைத்தது. அதனிடம் சொன்னாய்: "அவ ரோனாடி. இன்னைக்குப் பேச மாட்டா. அதிசயமா இருக்கா? எனக்கும்தான்."

எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அதைப் பேச்சாகக் கணக்கு வைக்காமல் விட்டதற்கு நன்றி.

பிறகு ஒரு கறுப்பு மூஞ்சி ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "நீ பொறந்ததே இந்த மரத்தடியிலதான். எல்ஸ்பத்தான் உன்னை இழுத்து வெளியே போட்டா. கோட்டுக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்தா. அந்தக் கோட்டுக் கறை கடைசி வரைக்கும் போகலை."

ஹெக்டர், அவள் போன இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பேரை யாரும் என் எதிரில் சத்தமாகச் சொன்னதில்லை. உனக்கு அவள் மனைவி. எனக்கு அவள் ஐந்து வயதிலிருந்து ஒரே பெஞ்சு. உடனே ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, வேடிக்கையாக ஏதாவது. எனக்கு வேறு என்ன தெரியும்? உன் நிபந்தனை இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆடுகளுக்குக் காடு வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். எதற்கு என்று நானும் கேட்டேன். கேட்ட கையோடு உன் ஆடுகளின் லட்சணத்தைப் பற்றியும் கேக்கைப் பற்றியும் எழுதிக்கொண்டு போய்விட்டேன். குட்டி ஈனுகிற நேரத்தில் ஆடு ஒதுங்க வேறு இடமே இல்லாத மலை இது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் குடையை நீட்டி அந்தப் பெரிய பாறையின் உச்சியைக் காட்டினேன். நீ ஏறிப் பார்த்தாய். ஆட்டு வாயும் மான் வாயும் எட்டாத உயரம். அங்கே ரோவன், பிர்ச், ஓக் கன்றுகள் உன் இடுப்பு வரை நெருக்கியடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட வாசல் மாதிரி நின்றன. கீழே தரை முழுக்கத் தேடினாலும் முழங்காலுக்கு மேல் ஒரு கன்று இல்லை. நீ மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தாய். அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். பனிமழை உன் தொப்பியில் விழுந்துகொண்டே இருந்தது. நான் கீழே நின்று குடை பிடித்தேன், எனக்கு மட்டும்.

திரும்பிப் பாலத்துக்கு வந்ததும், "இப்பப் பேசலாம்" என்றாய்.

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கோபம் இல்லை, ஹெக்டர். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

ரோனா

*

மேல்வீடு,
ஏப்ரல் 2

ரோனாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கம் இல்லை. பொறுத்துக்கொள்.

அந்தப் பாறையைச் சுற்றி எத்தனையோ தடவை ஆடு தேடியிருக்கிறேன். ஒருநாளும் மேலே ஏறியதில்லை. ஆடு ஏறாத இடத்தில் எனக்கு என்ன வேலை?

நான் யோசித்தது இது. வேலியைக் காட்டின் கீழ் ஓரத்தில் போட வேண்டாம். ஹேசல் வரிசைக்கு மேலே போடட்டும். கீழ்த் துண்டு ஆடுகளுக்கு, மேலே இருப்பதெல்லாம் கன்றுகளுக்கு. வன அலுவலகம் ஒத்துக்கொள்ளுமா என்று கேள். ஒத்துக்கொண்டால் எனக்குச் சம்மதம்.

ஆனால் அந்தச் சம்மதக் காகிதத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். அது சமையலறை மேசைமேல் இருக்கும்.

இப்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் எனக்கு வந்த கோபம் வேலிக்காக இல்லை. எல்ஸ்பத்தை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ என் வாசலைத் தாண்டவில்லை. கேட் வரை வருகிறாய், ஹாரன் அடிக்கிறாய், மதில்மேல் கேக்கை வைத்துவிட்டு நான் வெளியே வருவதற்குள் போய்விடுகிறாய். ஒரு கேக்கும் எனக்குக் கிடைத்ததில்லை. எல்லாம் காக்கைகள் தின்றன. அவை உன்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

வாரத்தில் நாலு நாள் இந்த மேசையில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. தொழுவத்தில் இருந்தபடி சத்தம் மட்டும் கேட்கும். அவள் போனதோடு அதுவும் நின்றது. ஒரே வாரத்தில் இரண்டு பேர் போன மாதிரி இருந்தது.

உனக்கு இந்தச் சமையலறையைப் பார்க்கக் கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. நான் இதில் தினமும் சாப்பிடுகிறேன்.

குட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன.

ஹெக்டர்

*

மேல்வீடு, உன் சமையலறை,
ஏப்ரல் 11, சனிக்கிழமை காலை

என் அன்புள்ள ஹெக்டர்,

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. நீ மேட்டில் ஆடுகளோடு இருக்கிறாய். பூட்டவில்லை என்பதால் உள்ளே வந்துவிட்டேன். அப்படிச் சொன்னால் சுலபமாக வந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் காரை விட்டு இறங்கி, திரும்ப ஏறி, திரும்ப இறங்கினேன். உன் சேவல் ஒன்று முழுசாகப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பார்வையில் என் மானம் இனி மீளாது.

நல்ல செய்தி முதலில். வன அலுவலகப் பெண்ணிடம் பேசிவிட்டேன். ஹேசல் வரிசையை வெளியே விட்டால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம். "இதை யார் யோசிச்சாங்க?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. உன் பேரைத்தான் சொன்னேன். என் வாழ்நாளில் செய்த பெரிய தியாகம் அது.

உள்ளே வந்ததும் கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். அழுதேன், நிறைய. உன் துண்டு நனைந்துவிட்டது; அது அடுப்புத் துடைக்கிற துண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது முகம் முழுக்கக் கரி.

அடுப்புப் பக்கத்துப் பெட்டியில் தாயில்லாத குட்டி ஒன்று கத்தியது. பாலைக் காய்ச்சிப் புட்டியில் ஊட்டினேன். வேறு ஆள் இல்லாததால் அதனிடம் எல்ஸ்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நாங்கள் இங்கே உட்கார்ந்து சிரித்தது பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான், ஹெக்டர். நீ தபால் பெட்டிக்கு வணக்கம் சொன்ன கதை தொடங்கி ஒரு பொதி இருக்கிறது. உனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போனது அநியாயம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீ கேட்கத் தயார் என்றால்.

காகிதத்தைப் பார்த்தேன். கையெழுத்து இல்லை. நான் அதைத் தொடவில்லை. அதற்காக இன்று வரவில்லை. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹேசல் வரிசைக்கு மேலே, மலை ஓரமாக, புதுசாக வெள்ளைக் குச்சிகள் வரிசையாக அடித்திருப்பது தெரிகிறது. வேலிக்காரன் இன்னும் வரவில்லையே, அப்படியென்றால் அது உன் வேலைதான்.

தேநீர் கொதிக்கிறது. சர்க்கரை எங்கே வைத்தாய் என்று மூன்று அலமாரி தேடிவிட்டேன்.

இதோ, மேட்டிலிருந்து நீ இறங்கி வருவது தெரிகிறது. கையில் ஒரு குட்டி வேறு. என் காரைப் பார்த்துவிட்டாய் போல. நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாய்.

நிற்காதே, ஹெக்டர். நான் எங்கேயும் ஓடிப் போகப்போவதில்லை. வா.

ரோனா