செம்மஞ்சள் பூசிய கரை

செப்டெம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில், இன்னும் ஈரம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. கராம்பு வைத்தேன்.

நாளை முதல் மூன்று நாள் வேலை. பேராதனைக்கு அருகே ஒரு ஹோட்டல் மண்டபம். மேற்குக் கரையிலுள்ள ஒரு பிரதேச சபையின் காலநிலை மாற்றத் திட்டம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவதைத் தமிழில் நான் சொல்ல வேண்டும். தமிழில் பேசுவதைச் சிங்களத்தில். கடல் ஏறுவதைப் பற்றிப் பேச மலைக்கு ஏன் வருகிறார்கள் என்று நிஹாராவிடம் கேட்டேன். உரைபெயர்ப்பாளர்களுக்கு வேலை பிடித்துத் தரும் அலுவலகத்தில் அவள்தான் எல்லாம். "நிபுணர்மார் எல்லாம் இந்தப் பக்கம்தானே இரிக்கிறாங்க. இங்க வெக்கையும் இல்ல."

திட்டம் ஆங்கிலத்தில் தடித்த புத்தகம். தமிழில் ஆறு பக்கச் சுருக்கம் மட்டும். போன மாதம் அதை மொழிபெயர்த்ததும் நான்தான். மீதியைக் கேட்டதற்கு, தேவைப்படாது என்று பதில்.

நாளைக்கு: குடை, பேனா இரண்டு, வலி மாத்திரை.

செப். 16, செவ்வாய்

கெலிஓயாச் சந்தியில் முக்கால் மணி நேரம் பஸ் இல்லை. ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அங்கே இன்னும் தொடக்க விளக்கே ஏற்றி முடியவில்லை.

இருபத்தெட்டுப் பேர். கரையிலிருந்து வந்தவர்கள் ஒன்பது. அதில் தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்காகத்தான் நான். பிலோமினா அக்கா, கொன்னைத்துறை கருவாட்டு மகளிர் சங்கத் தலைவி. அறுபதை ஒட்டிய வயது. மன்னார்ப் பக்கம் பிறந்தவர், யுத்தத்தில் இடம்பெயர்ந்து கொன்னைத்துறைக்கு வந்தவர். குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சுவெட்டரைக் கொடுத்தேன். முழங்கை வரைதான் எட்டியது.

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொண்டே இருந்தேன். வெப்பநிலை, அலை உயரம், உப்பு நீர். கொழும்பு ஆலோசகர் ஒரு மணி நேரம் படம் காட்டினார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்.

"எங்கட வாடி இதில எங்க கிடக்கெண்டு கேளுங்கோ பிள்ளை."

வாடி என்றால் கரையில் மீன் காயப்போடும் கொட்டகையும் முற்றமும். கேட்டேன். நல்ல கேள்வி, மாலையில் கேள்வி நேரம் இருக்கிறது என்றார் ஆலோசகர். மாலையில் குழுப் படம் எடுத்தார்கள். கேள்வி நேரம் இல்லை.

தொண்டை வறண்டுவிட்டது. பகல் சாப்பாட்டில் மீன் இருந்தது. அக்கா தொடவில்லை. "பழசு," என்றார்.

செப். 17, புதன்

வெயில், பிறகு மழை.

காலையில் நிற அட்டைகள். உங்கள் அச்சத்தை மஞ்சள் அட்டையில் எழுதுங்கள், நம்பிக்கையைப் பச்சையில் எழுதுங்கள். அக்கா மஞ்சளில் எழுதியது: எங்கட இடம் எது? அதைப் பலகையில் "பிற விடயங்கள்" என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்கள். கீழ் மூலையில். ஒரு தடவை விழுந்தது. நான் எடுத்து ஒட்டினேன்.

தேநீர் இடைவேளை. சுவரில் பெரிய வரைபடம். எழுத்தெல்லாம் ஆங்கிலம். அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கரையோரமாக விரலை ஓட்டினார். சிலுவை அடையாளத்தை வைத்துக் கோயிலைப் பிடித்தார். கோயிலிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து வாடி, வாடிக்குப் பின்னால் வீடுகள். அவ்வளவும் செம்மஞ்சள்.

"இந்த நிறத்துக்கு என்ன எழுதியிருக்கு?"

பேசுவதைத்தான் சொல்ல வேண்டும், நாமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. வேலையின் முதல் விதி. வரைபடம் பேசவில்லை. இருந்தும் சொன்னேன். "இங்க இருக்கவங்கள வேற எடத்துக்கு மாத்தணும்னு போட்டிருக்குக்கா. உள்ளுக்கு. விவரம் நாலாவது இணைப்புல இருக்காம்."

"மீள்குடியேற்றமோ?"

"அப்படித்தான்."

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "எத்தினை தரம் பிள்ளை ஒரு மனுசர் மீள்குடியேறுறது? முதல் ஷெல்லுக்கு ஓடினம். இப்ப இவங்கட கலர்ப் பென்சிலுக்கு ஓடவோ?"

பிறகு விரலை வைத்து இன்னொன்றைக் காட்டினார். செம்மஞ்சளுக்கு ஒட்டினாற்போல ஒரு துண்டு, நிறமே இல்லாமல். ஹோட்டல் கட்ட எடுத்த காணியாம். அவர்களுடைய வீடுகளைவிடக் கடலுக்குக் கிட்டவாம்.

என் சுருக்கத்தில் ஒரு வரி: "பாதிப்புக்குள்ளாகும் குடும்பங்களின் வாழ்விடப் பாதுகாப்பு உறுதிப்படுத்தப்படும்." மொழிபெயர்த்தபோது வழுக்கிக்கொண்டு போன வரி. அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தது ஞாபகம். அந்த வரிக்கு அர்த்தம் இந்தச் செம்மஞ்சள். மண்டபத்தின் நடுவில் நிற்கும்போதே முகம் சுட்டது.

சபைச் செயலாளரிடம் போனேன். களைத்த மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. நாலாம் இணைப்பைப் பார்க்கலாமா என்று சிங்களத்தில் கேட்டேன். தன் பிரதியையே நீட்டினார். தானும் இன்னும் படிக்கவில்லையாம். மாதக் கடைசிக்குள் சபை இதை நிறைவேற்றாவிட்டால் நிதி வேறு சபைக்குப் போய்விடுமாம். "படித்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள், மிஸ்." கேலியா, உண்மையா? உண்மைதான் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கொன்னைத்துறைப் பக்கங்களைத் தமிழில் எழுதினேன். கையால். பதினொரு தாள். சோறு அடிப்பிடித்தது.

வீட்டுக்காரர் சிவா எட்டிப் பார்த்தார். "இது ஒன்னோட வேலையா?"

"இல்ல."

"பொறகு ஏன் எழுதுற?"

"சுருக்கத்த எழுதுனது நான்தானே."

பானையைச் சுரண்டப் போய்விட்டார்.

செப். 18, வியாழன்

தாள்களை அக்காவிடம் கொடுத்தேன். மண்டப வாசலில் நின்றபடியே படித்தார், உதடு அசைய. ஒரு தாளைத் திரும்பவும் படித்தார்.

பதினொரு மணிக்குக் கை தூக்கினார். ஆலோசகர் பார்க்கவில்லை. அக்கா எழுந்து நின்றார். பிறகு பார்க்காமல் இருக்க முடியாதே.

அவர் சொன்னது, ஞாபகத்திலிருந்து:

"கடல் ஏறேல்லை எண்டு நான் சொல்லேல்லை. எங்கட ரெண்டு வரி தென்னை கடலோட போட்டுது. கிணறு உவர்ச்சுப்போச்சு. உங்களுக்கு முதல் எங்களுக்குத் தெரியும். பின்னால போகச் சொன்னா நான்தான் முதல் போவன். ஆனா பின்னால எண்டா அந்த ஹோட்டல் காணிக்குப் பின்னால இருக்கிற மேட்டுக்கு. நடந்து வந்து மீன் காயப்போடுற தூரம். நீங்கள் எழுதியிருக்கிறது பஸ் ஏறிப் போற இடம். அங்க போய் நாங்கள் எதைக் காயப்போடுறது? ஹோட்டல் காணிக்கு ஏன் நிறம் இல்லை? கடல் வாறபோது இது ஹோட்டல், இது வீடு எண்டு பாத்தோ வருது?"

உரைபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். சிங்களத்தில் சொன்னேன். எங்கள் தென்னை, எங்கள் கிணறு. "எதைக் காயப்போடுறது" வந்தபோது குரல் உடைந்தது. இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஆலோசகர் தண்ணீர் குடித்தார். முக்கியமான கருத்து என்றார். கருத்துகளை எழுத்தில், இரண்டு வாரத்துக்குள், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்பலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், அக்காவின் கையிலிருப்பது என்ன மொழிபெயர்ப்பு, யார் அனுமதித்தது?

செயலாளர் வாய் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே செய்தேன்," என்றேன்.

அடுத்தது சான்றிதழ் வழங்கல். அக்காவுக்கும் ஒன்று, பெயரில் எழுத்துப் பிழையோடு. போகும்போது சுவெட்டரை மடித்துக் கொடுத்தார். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

செப். 19, வெள்ளி

நிஹாரா அழைத்தாள்.

"என்னத்துக்குத் தாத்தா இப்பிடிச் செஞ்சீங்க? அவங்க கம்ப்ளேன் பண்ணியிரிக்கிறாங்க. இனி உங்கள அனுப்ப வேணாமாம்."

தாத்தா என்றால் அவள் பேச்சில் அக்கா, என்னைத்தான். கோபமாக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நான் பொய்யா எழுதுனேனா?"

"பொய் எண்டு யாரும் சொல்லல்ல. கேக்காத ஒண்ட நீங்க ஏன் செஞ்சீங்க?"

பதில் இருந்தது. சொல்லவில்லை. பிறகு நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், பாத்திரம் கழுவும்போது, பல் டாக்டருக்குக் காத்திருக்கும்போது. பல்லைப் பிடுங்கியாயிற்று. பாதி முகம் மரத்துப்போய், கெலிஓயா பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்ல வரவில்லை.

அந்த மண்டபத்தில் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எரிச்சல். ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் நன்றி சொன்னார்கள்.

செப். 23, செவ்வாய்

அக்கா அழைத்தார். சபைக்கு அனுப்பக் கடிதம் சிங்களத்தில் வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காற்றுச் சத்தம், பின்னால் பெண்களின் குரல்கள். "அதையும் போடச் சொல்லு," "கக்கூசை விட்டுட்டியே." நான்கு தடவை லைன் அறுந்தது. இரண்டு பக்கம். முடித்து வாசித்துக் காட்டினேன், தமிழில்.

"கெஞ்சிற மாதிரிக் கிடக்கு. 'தயவுசெய்து'வை எடுத்துவிடுங்கோ."

மூன்று இருந்தது. மூன்றையும் எடுத்தேன்.

ஒக்டோபர் 1, புதன்

நேற்றுச் சபைக் கூட்டம். அக்காவும் பதினாறு பெண்களும் போய்ப் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தார்களாம். திட்டம் நிறைவேறிவிட்டது. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லையாம்.

அக்கா இதைச் சொன்னபோது எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. எழுதவில்லை.

ஆனால் செயலாளர் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தாராம், முழுதாக. மேசையைப் பார்த்த அதே மனிதர். அதன் பிறகு ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: கொன்னைத்துறைப் பகுதியையும் அடுத்துள்ள காணியையும் நேரில் அளக்கும் வரை வரைபடம் இறுதியானதல்ல. அவ்வளவுதான். ஹோட்டல் காணிக்கு இன்னும் நிறமில்லை.

"அளக்க எப்ப வர்றாங்க?"

"வாற புதன். நில அளவைக்காரர் சிங்களமாம், ஆலோசகரும் வாறாராம். எங்கட பக்கத்தில கதைக்க ஆள் இல்லை. காசு தர ஏலாது பிள்ளை. சாப்பாடு தருவம்."

பார்க்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 3, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. துணி காய்ந்தது.

பகல் நிஹாரா. குரல் தேன். பழைய கதையை மறப்போமாம். நுவரெலியாவில் அவசர வேலையாம், இன்னொரு கரையோர சபைக்கு. தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். ஹோட்டல் அறை, வாகனம், எல்லாம் உண்டு.

"எப்ப?"

"வார புதன்கிழம."

முடியாது என்றேன்.

"ஏன் தாத்தா, இன்னும் கோவமா?"

"இல்லடி. அன்னைக்கு வேலை இருக்கு."