வேனில் ஏறாத உங்கள் தம்பி

கண்ணை மூடினாலும் எதிரே வந்து நிற்கிற என் மாமாவுக்கு,

உங்கள் பொண்டாட்டி எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு நான் யார் பேச்சையும் லேசில் நம்புவதில்லை. அப்படிப் பழக்கிவிட்டது நீங்கள்தான்.

முதுகு வலித்தால், தீவன மூட்டை தூக்கினேன் என்றீர்கள். ராத்திரி அடிக்கடி எழுந்து போனால், கோழி சத்தம் கேட்டது என்றீர்கள். கடைசியில் டாக்டர்தான் சொன்னார், மூத்திரப்பைக்குக் கீழே ஆம்பளைகளுக்கு இருக்கிற சுரப்பியில் புற்று வந்து எலும்பு வரைக்கும் போய்விட்டதென்று. ஒன்றுக்குப் போக வெகு நாளாகக் கஷ்டப்பட்டதை அவரிடம் சொன்னீர்கள். என்னிடம் சொல்ல என்ன கூச்சம் மாமா?

பண்ணையில் கோழி தண்ணீர் குடிப்பது குறைந்தாலே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு, அறுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லி நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு ஓடுவீர்கள். நீங்களோ, அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று குடிக்கிற தண்ணீரையே குறைத்துக்கொண்டீர்கள். உங்கள் மேல் மட்டும் சந்தேகம் வராமல் போனது எப்படி?

இப்போது உங்கள் தம்பி மேல் எனக்குச் சந்தேகம். குலசாமி கோயில் கெடா வெட்டுக்குப் பங்காளிகள் எல்லோரும் வேனில் கிளம்பினோம். அவர் மட்டும் ஏறவில்லை.

“நீங்க முன்னாடி போங்க அண்ணி. நான் பைக்ல வாரேன்.”

“ஏனுங்க தம்பி, எடம் இருக்குதுங்களே?”

“காத்தோட்டமா வரலாம்னுதானுங்க.”

பைக் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் அப்படி வந்தவர்தானே. பொங்கல் வைத்து இறக்கிய பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் தொந்தரவுங்களா?”

“வயசானா எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க. இதையெல்லாம் பொம்பளைங்க கேப்பாங்களா?”

“உங்கண்ணனும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தாருங்க. இப்ப போட்டாவுல இருக்கறாரு.”

கொஞ்ச நாள் கழித்து உங்கள் தம்பியே வந்து, டாக்டரைப் பார்த்தேன், ஒன்றுமில்லையாம் என்றார். என்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டேன். “கையப் புடிச்சுப் பாத்தாருங்க” என்றார். கையைப் பிடித்தால் இது தெரியுமா? அவர் பொண்டாட்டியையும் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்றும் கூடவே போனேன். வெளியே வந்தவர், “வெறும் வீக்கந்தானுங்க, மாத்திரை போட்டாப் போதுமாம்” என்று சிரித்தார்.

நான் நேரே உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். வயதானால் சுரப்பி வீங்குவது சகஜம்தான், ஆனால் வீக்கமா புற்றா என்று வந்து பார்த்தால்தானே தெரியும் என்றார். காலத்தோடு பார்த்திருந்தால் நீங்களும் இப்படிச் சிரித்துக்கொண்டு வெளியே வந்திருப்பீர்களோ? ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பங்காளிகளில் நரைத்த தலை இன்னும் நிறைய இருக்கிறது. ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் நான் விடப்போவதில்லை. வெட்கம் கெட்டவள் என்று ஊர் பேசினால் பேசட்டும். உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், வீடு வீடாகப் போய்க் கேட்பேன்.

தம்பி மாத்திரையை விழுங்கினாரா என்று அவர் பொண்டாட்டி தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்னும் உங்கள் வீட்டுக்காரியாகவே இருக்கிற,
சரசு