மெதுவாகப் போகத் தெரியாத கார்

ஒக்டோபர் 6, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். இன்றைய வேலை: கார்பரேட்டர் கழற்றிக் கழுவ, பிளக் நான்கு, பால்மா, மனைவி செல்விக்கு வலி மாத்திரை.
வெள்ளிக்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிளினிக். முதுகில் ஒப்பரேஷன் செய்து மூன்று கிழமை. உடம்பு குலுங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அந்த மனுஷனுக்கு என் காரைத் தெரியாது. போன வருஷம் மலையேறும் ரேஸுக்காக எஞ்சினில் வால்வைத் திறந்து மூடும் தண்டை மாற்றி ரேஸ் கேம் (cam) போட்டேன். வேகத்தில் பிரச்சினையே இல்லை. இருபதுக்குக் கீழே வந்தால் உதறல், வெட்டி வெட்டி இழுக்கும். பழைய கேமை இரும்புக்காரனுக்குக் கொடுத்த மடையனும் நான்தான்.

7, செவ்வாய்
மழை. ஐட்லிங் கூட்டினேன், டைமிங் கொஞ்சம் முன்னுக்கு. பல்லேகல ஸ்டேடியம் பக்கம், காலி ரோட்டில் நன்றாகத்தான் போனது. திரும்பி எங்கள் கெலிஓயா டவுனுக்குள் வந்ததும் அதே ஆட்டம். காருக்குக் குளிர்காய்ச்சலா என்று கேட்டார் பேக்கரிக்காரர். சிரித்துவிட்டு வந்தேன். இன்னும் மூன்று நாள்.

8, புதன்
கம்பளை, ரிஸ்வான் நானாவின் கராஜ். பெற்றோல் கலவையைக் கூட்டினார், குறைத்தார், காது வைத்துக் கேட்டார். இப்போது பரவாயில்லை என்றேன்.
"நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க, அதான் தெரியல்ல. பின்னுக்குப் படுங்க, நான் ஓட்றேன்."
படுத்தேன். சந்தை ரோட்டில் ஒரே சுற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் முதுகில் ஒரு குத்து, எனக்கே. போன கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தது இந்தக் காரில்தான். வலிக்குதா என்று நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் பரவால்ல என்றாள். பாவி நான், ஓட்டுகிற இடத்தில் இருந்துகொண்டே இத்தனை நாளாய் டியூன் பண்ணியிருக்கிறேன். அழுதுவிட்டேன். ரிஸ்வான் நானா பார்க்காத மாதிரி ஓட்டினார்.
இறங்கும்போது சொன்னார், "ரேஸுக்கு வெட்டின கேம் தம்பி. இதுகிட்ட மெல்லப் போன்னு சொல்ல ஏலாது. வேற வாகனம் பாருங்க."

9, வியாழன்
வெயில். வாடகைக் கார் பேசியாச்சு. காலை ஆறுக்கு. பிள்ளையாருக்குத் தேங்காய் ஒன்று நேர்ந்தேன்.

10, வெள்ளி
(கிளினிக் வாசலில் எழுதுவது. நம்பர் 41.)
ஆறு மணி, ஆளில்லை. ஆறரைக்கு டிரைவரின் போன்: ஏயார்போர்ட் போகிற ஹயர் ஒன்று வந்துவிட்டதாம், வரமாட்டானாம். நாசமாய்ப் போக. இந்தத் தேதி தவறினால் இன்னும் ஒரு மாதம். வேறு வழியில்லை, நம் கார்.
பேராதனை வரை மூன்றாம் கியரில் ஒழுங்காக வந்தோம். ஆஸ்பத்திரிக்கு அரை மைல் இருக்க, நெரிசல். நடக்கிற வேகம்கூட இல்லை. எஞ்சின் சூடேறி வெட்டத் தொடங்கியது. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். துவாயைப் பல்லில் கடித்தபடி படுத்திருந்தாள்.
எஞ்சினை நிறுத்தி இறங்கினேன். கதவைத் திறந்தபடியே ஒரு கையால் ஸ்டியரிங், தோளால் தள்ளல். பின்னால் பஸ் ஹார்ன். கண்டக்டர் இறங்கி வந்தான், சண்டைக்கென்றுதான் நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தான். பின்னால் போய் டிக்கியில் கை வைத்துத் தள்ளினான். சமதரை, கார் நகர்ந்தது.
கொஞ்ச தூரம் போனதும் பின் சீட்டிலிருந்து செல்வி:
"ஏங்க, இப்படியே தள்ளிக்கிட்டு வாங்க. இந்தக் கார்ல இன்னைக்குத்தான் வலிக்காம போறேன்."
கேட் வரைக்கும் தள்ளினேன்.