நீர்நாய் கவ்விய அன்னம்

ஆல்டர்விக்,
4 மே 1958

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

இங்கே நான் நலம். நீயும் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். உன் கல்யாணம்தான் என் உயிரை வாங்குகிறது.

வருங்காலச் சம்பந்தி ஸ்வேல் நேற்று ஆற்றைக் கடந்து நம் இறைச்சிக்கடைக்கு வந்தார். நகரமன்றக் கூடத்தில் விருந்து வைத்தால் வரமாட்டாராம். மேடைக்கு மேலே இருக்கும் நம் ஊர்ச் சின்னம்தான் காரணம். சிவப்புக் கேடயம், கீழே ஆற்றுக்கு நீல அலை, நடுவில் நம் நீர்நாய், அதன் வாயில் அன்னத்தின் கழுத்து. அன்னம் அக்கரை ஊரான பெல்மியரின் சின்னம். அவரோ பெல்மியரின் மேயர். பாலத்துச் சுங்கத்துக்காக எந்தக் காலத்திலோ இரண்டு ஊரும் அடித்துக்கொண்டதன் மிச்சம் அது.

"எங்க கழுத்தைக் கடிக்கிற பொம்மைக்குக் கீழ உக்காந்து நான் கேக் திங்கணுமா ஓய்?" என்று கேட்டார்.

மேயர் வீட்டு விருந்து அந்தக் கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். வேறிடம் போனால் ஊர் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடும். பதினாலு வயதில் பள்ளியை விட்டவனை மேயராக்கினார்களே, கறியை நிறை குறையாமல் போடுவான் என்றுதான். சமாதானம் பேசுவான் என்று யார் சொன்னது?

பாவப்பட்ட உன்
அப்பா


லண்டன்,
7 மே 1958

அன்புள்ள அப்பா,

தன் அப்பா வராமல் கல்யாணம் இல்லை என்று லயனல் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை; அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டு மேயர்களும் சேர்ந்து என்னைக் கிழவியாக்கிவிடாதீர்கள். இருபத்து நாலாம் தேதி கல்யாணத்துக்குள் அந்த நீர்நாயை ஏதாவது செய்யுங்கள்.

அலுத்துப்போன மகள்,
ஹெஸ்டர்


ஆல்டர்விக்,
14 மே 1958

ஹெஸ்டர் கண்ணு,

நான் சாகவில்லை. இரண்டாவது தந்தி கிடைத்திருக்கும். முதல் தந்தியைக் கிழித்துப் போடு.

விருந்தன்று எப்படி இருக்கும் என்று பார்க்க, நாடக மேடையின் பழைய கறுப்புத் திரையை எடுத்துச் சின்னத்தின் மேல் தொங்கவிட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். சின்னத்துக்குக் கறுப்பு போர்த்தினால் மேயர் காலமானார் என்று அர்த்தமாம். இங்கே எந்த மேயரும் பதவியில் இருக்கும்போது செத்து ரொம்ப நாளாகிவிட்டது; எனக்கு அது நினைவில்லை. சர்ச்சில் மணியடிக்கும் டாப்ளருக்கு நினைவிருந்தது. மணியை இழுத்துத் தள்ளிவிட்டார். மன்ற எழுத்தர் உனக்குத் தந்தி அடித்தார். நானோ கடையில் சாசேஜ் பொட்டலம் கட்டிக்கொண்டே, யார் போனது என்று ஒரு அம்மாளிடம் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி கறுப்பு டையோடு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துட்டீருன்னாங்க. பாலம் முழுக்க அழுதுக்கிட்டே வர்றேன். அறிவிருக்கா ஓய் உமக்கு?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இருவருமாகப் போய்த் திரையை இழுத்தோம். அது உரசியதில் காலகாலமாகப் படிந்த கரி உதிர்ந்தது. பார்த்தால், அன்னத்தின் அலகு நீர்நாயின் காதைக் கவ்விக்கொண்டிருக்கிறது!

"எங்காளும் விடல பாத்தீரா" என்று சம்பந்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார். விருந்துக்கு வருகிறார். சின்னத்துக்கு நேர் கீழே இடம் வேண்டுமாம்.

அப்பாடா என்று வீட்டுக்கு வந்தால், நம் மன்ற உறுப்பினர்கள் வாசலில் நிற்கிறார்கள். காது கடிபடும் நீர்நாய்க்குக் கீழே அவர்கள் உட்காரமாட்டார்களாம். சின்னத்தை மறுபடி மூட வேண்டுமாம், இந்தத் தடவை வெள்ளைத் துணியால்.

எனக்குத் தலை சுற்றுகிறது. நீயே சொல்.

உயிரோடிருக்கும்
அப்பா


லண்டன்,
16 மே 1958

அப்பா,

எதையும் மூடாதீர்கள்.

முதல் தந்தி வார்டுக்கே வந்தது. இரண்டாவது வரும்வரை நான் யாருடைய கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றுகூடத் தெரியவில்லை. கடித்தது நீர்நாயா அன்னமா என்பதெல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

உறுப்பினர்கள் வராவிட்டால் போகட்டும். லயனலுக்கு அத்தைகள் நிறைய. நாற்காலிகள் காலியாக இருக்காது. என் கையைப் பிடித்து சர்ச்சுக்குள் கூட்டிப்போக நீங்கள் வந்தால் போதும்.

காலை பதினோரு மணி. தாமதமாக வராதீர்கள். மறுபடி பயந்துவிடுவேன்.

ஹெஸ்டர்